கடைசி நாலு வரி

மின்னஞ்சலில் யாரும் கண்டுகொள்ளாத இடம் எது என்று கேட்டால், கடைசியில் தொங்கும் கையொப்பம் என்றுதான் பலரும் சொல்வார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். அதிலிருந்து போன மடல்களின் அடியில், இலவச மின்னஞ்சல் வேண்டுமா, இங்கே வாருங்கள் என்று ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டு போனது. மடல் எழுதியவர்களே காசு வாங்காத விளம்பரதாரர்கள் ஆனார்கள்! அடுத்த வருடக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. 2007-ல் வந்த ஐபோனும் இதே வேலையைச் செய்தது. 'என் ஐபோனிலிருந்து அனுப்பியது' என்ற அந்த ஆங்கில வரியை இன்றுவரை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கெல்லாம் முன்பே கையொப்பத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. 1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நாகரிகக் கையேடு, கையொப்பம் நாலு வரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அன்று பலர் இணைய இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டினார்கள். அடுத்தவர் எழுதிய நீளமான கையொப்பத்துக்கும் அவர்கள்தான் காசு கொடுக்க வேண்டும். இன்று அந்தச் செலவு போய்விட்டது. வேறொரு செலவு வந்திருக்கிறது.

கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. துறைத் தலைவருக்கு லீவ் லெட்டர், கம்பெனிக்கு ரெஸ்யூமே, பழைய புத்தகம் விற்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு விசாரணை எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. ஃபோனில் உள்ள மெயில் ஆப்பில் பெயர், ரோல் நம்பர், கல்லூரி, ஹாஸ்டல், செல் நம்பர் என்று ஒரு கையொப்பத்தை ஒருமுறை போட்டு வைத்துவிட்டார். துறைத் தலைவருக்கு ரோல் நம்பர் தேவைதான். கம்பெனிக்குச் செல் நம்பர் தேவைதான். புத்தகம் விற்பவருக்கு அவர் தங்கியிருக்கும் ஹாஸ்டல் எதற்கு?

ஆப்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். போன நம்பரைத் திரும்ப வாங்கவும் முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் யாரோ 'ஹாய்' என்று ஆரம்பிக்கும்போதுதான் அந்த நாலு வரி ஞாபகத்துக்கு வரும்.

இதற்கு ஒரு எளிய வழி ஃபோனின் கீபோர்டுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று எழுத்தைத் தட்டினால் முழு வரியும் வந்து விழும் குறுக்கு வழி அது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் என்று போக வேண்டும். இரண்டு பெட்டிகள் இருக்கும். ஃபிரேஸ் என்பதில் முழு வரி, ஷார்ட்கட் என்பதில் சுருக்கெழுத்து. பிறகு மடலில் சுருக்கெழுத்தை அடித்து ஸ்பேஸ் தட்டினால் போதும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு வைத்திருப்பவர்கள், அதன் செட்டிங்ஸில் டிக்ஷனரி, பெர்சனல் டிக்ஷனரி என்று போகலாம். அங்கே சுருக்கெழுத்தை அடித்ததும் முழு வரி கீபோர்டின் மேல் பட்டையில் தோன்றும். அதைத் தொட்டால் மடலுக்குள் வந்துவிடும்.

சுருக்கெழுத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுலபமாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் 'மீ' என்று வைத்தால் தீர்ந்தது கதை. ஐபோனில் 'கால் மீ' என்று யாருக்கு எழுதினாலும் ஊர், பேர், நம்பர் எல்லாம் வந்து குதிக்கும். அதனால் அன்றாட வார்த்தையில் வராத எழுத்துகளாக இருக்க வேண்டும். எக்ஸ் எக்ஸ் சி என்றால் கல்லூரி, எக்ஸ் எக்ஸ் ஜே என்றால் வேலை, எக்ஸ் எக்ஸ் பி என்றால் வெளியாள். முதல் இரண்டு எழுத்தும் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் மறக்காது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் கூடுதல் லாபம். சுருக்கெழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் விரிவு தமிழில் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதப் படித்தபோது மனப்பாடம் செய்த 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்பதை ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று எழுத்தில் வேலை முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. ஃபோனில் அந்தப் பெட்டி ஒரே வரிக்கானது. நாலு வரியாக அடுக்கி வைக்க முடியாது. காற்புள்ளி போட்டு ஒரே வரியில் முடிக்க வேண்டும், அல்லது வரிக்கு ஒரு சுருக்கம் வைக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை மறதி. தானாக வரும் கையொப்பம் மறப்பதில்லை, மனிதர் மறப்பார். செல் நம்பர் இல்லாமல் ரெஸ்யூமே போனால் இன்டர்வியூவுக்குக் கூப்பிட நினைப்பவர் எந்த நம்பருக்குக் கூப்பிடுவார்?

அதனால் இரண்டையும் கலந்து வைப்பதே நல்லது. ஆப்பில் தானாக வரும் கையொப்பத்தில் வெறும் பெயர் மட்டும். மற்றதெல்லாம் சுருக்கெழுத்தில். அப்போது மறந்தாலும் போவது பெயர் ஒன்றுதான். விட்டுப்போன நம்பரை இன்னொரு மடலில் அனுப்பிவிடலாம். தெரியாதவர் கைக்குப் போன நம்பரை எந்த மடல் போட்டும் திரும்ப வாங்க முடியாது.

இந்த மூன்று எழுத்தால் மிச்சமாகும் நேரம் சில நொடிகள்தான். ஆனால் சி-யா, ஜே-யா, பி-யா என்று விரல் ஒரு நொடி நிற்கிறது பாருங்கள், அங்கேதான் லாபம். எதிரே இருப்பவர் யார், அவருக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு தெரிந்தால் போதும் என்ற கேள்வியை அந்த ஒரு நொடி கேட்க வைக்கிறது. முடிவு ஆப்பின் கையிலிருந்து எழுதுபவர் கைக்கு வருகிறது.

பி.கு: பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், ஆதார் எண் இவற்றை ஒருபோதும் சுருக்கெழுத்தில் வைக்காதீர்கள். ஃபோனைக் கையில் வாங்கும் யாரும் செட்டிங்ஸில் போய் அப்படியே படித்துவிடலாம். புதிதாக ஒன்றை உருவாக்கியதும் முதல் மடலை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். கல்லூரி முடிந்ததும் 'இறுதியாண்டு' என்பதை மாற்றவும் மறக்காதீர்கள் :-)