பெயரும் ஓர் அமானிதமே



ஈராண்டுகளுக்கு முன், ரமலான் மாதத்தின் ஒரு பிற்பகல். அஸர் தொழுகை முடிந்து ஓதுமிடத்தில் அமர்ந்திருந்தோம். வெளியூரிலிருந்து ஒரு தாய் மதரஸாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். “ஹழ்ரத், மகனைச் சேர்க்கப் படிவம் எடுக்கலாம்னு உங்க காலண்டர்ல இருக்கிற இணையதளத்தைத் திறந்தேன். சீட்டாட்ட விளம்பரமா வருது. நான்தான் தப்பா அடிச்சிட்டேனோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவர் தவறாக அடிக்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து நாங்களே திறந்து பார்த்தோம். ஷவ்வாலில் தொடங்கும் கல்வியாண்டுக்கான சேர்க்கை அறிவிப்பும் பாடத்திட்டமும் நன்கொடை விவரமும் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. சூது ஹராம் என்று காலையில் பாடம் நடத்திய அதே மதரஸாவின் பெயரில், மாலையில் சூதுக்கு அழைப்பு! அன்று நோன்பு திறந்தபோது பேரீச்சம்பழம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

நடந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர், கணினி கற்றவர், “உஸ்தாத், நம்ம மதரஸாவுக்கு ஒரு இணையதளம் செஞ்சு தர்றேன்” என்று ஆசையோடு முன்வந்தார். ‘.இன்’ என்று முடியும் டொமைன் பெயரைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். வாங்கியபோது பதிவாளர் என்ற இடத்தில் தம் பெயரையும், தொடர்புக்குத் தம் கல்லூரிக்கால மின்னஞ்சலையும் கொடுத்தார். பின்னர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குச் சென்றார். அந்த மின்னஞ்சலை அவர் திறப்பதே நின்றுபோனது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யாவும் அங்கேயே கிடந்தன. தவணை முடிந்தது, பெயர் கைவிட்டுப் போனது, யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொண்டார்.

செய்தி அறிந்ததும் அந்த மாணவர் தொலைபேசியில் அழுதார். ஆனால் அவரைக் குறை சொல்ல எங்களுக்கு நாவெழவில்லை. அவர் ஹதியாவாகச் செய்ததை நாங்கள் எழுதி வாங்கவில்லை. எந்தப் பெயரில், எத்தனை ஆண்டுகளுக்கு, சாவி யாரிடம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள்தாம்.

அந்த வெட்கமே எங்களைக் கற்க வைத்தது. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன, யார் தருகிறார்கள், என்ன நிபந்தனையில் தருகிறார்கள் என்று தேடிப் படித்தோம். படித்தவற்றை உங்களோடு பகிர்வது எங்கள் கடமை. ஏனெனில் இன்று பள்ளிவாசல், அறக்கட்டளை, கடை என எல்லாவற்றுக்கும் ஓர் இணையப் பெயர் இருக்கிறது. அவற்றுள் எத்தனை, வலைத்தளம் செய்து தந்த தம்பியின் பெயரில் இருக்கின்றனவோ!

இணைய முகவரியின் இறுதியில் இரண்டு எழுத்துக்களில் வருவது நாட்டுக் குறியீடு. இந்தியாவுக்கு ‘இன்’, இலங்கைக்கு ‘எல்கே’, மலேசியாவுக்கு ‘எம்ஒய்’, சிங்கப்பூருக்கு ‘எஸ்ஜி’. இவற்றை இணையத்தை நடத்துவோர் தம் விருப்பப்படி வகுக்கவில்லை. எது நாடு, எது நாடன்று என்று தீர்மானிப்பது தங்கள் வேலையன்று எனக் கருதி, ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் பன்னாட்டுப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பலஸ்தீனுக்கு 1999ஆம் ஆண்டு அப்பட்டியலில் இடம் கிடைத்தது. அதன்பின் 2000ஆம் ஆண்டு ‘.பிஎஸ்’ என்னும் குறியீடு இணையத்தில் நடைமுறைக்கு வந்தது. மறுபுறம், யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போனபின் அதன் ‘.ஒய்யு’ குறியீடு 2010ஆம் ஆண்டு மார்ச்சில் அடியோடு நீக்கப்பட்டது. அதன் கீழ் இருந்தோர் அனைவரும் வேறு பெயருக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

இந்த அமைப்பின் அடிப்படையை விளக்கும் ஆவணம் ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டு மார்ச்சில் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் எழுதிய ‘ஆர்.எஃப்.சி. 1591’ அது. ஒரு நாட்டின் குறியீட்டைக் கவனித்துக்கொள்பவர் அதன் உரிமையாளர் அல்லர்; அந்நாட்டு மக்களுக்காகவும் உலக இணையச் சமூகத்துக்காகவும் அதை வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்று அது வரையறுக்கிறது. உரிமை கொண்டாடுவதைவிடச் சேவையையும் பொறுப்பையும் பற்றிக் கவலைப்படுவதே தகும் என்பது அதன் கருத்து. இதைப் படித்தபோது எங்களுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. அமானிதம் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. முத்தவல்லிக்கும் வக்ஃபுச் சொத்துக்கும் உள்ள உறவுதானே இது?

மேல்மட்டத்தில் உள்ள அதே நிலைதான் கீழ்மட்டத்திலும். டொமைன் பெயரை ‘வாங்கினோம்’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் எவரும் அதை வாங்குவதில்லை. குறிப்பிட்ட தவணைக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறோம், அவ்வளவே. கிட்டத்தட்ட வாடகை ஒப்பந்தம் போன்றது. தவணை முடிந்தால் வெளியேற வேண்டும்.

இந்தியாவின் ‘.இன்’ பதிவகத்தை 2005ஆம் ஆண்டு முதல் நிக்ஸி என்னும் இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் நடத்தி வருகிறது. அவ்வாண்டு ஜனவரியில் விதிகள் தளர்த்தப்பட்டன. அதுமுதல் உலகின் எப்பகுதியில் உள்ளவரும் ‘.இன்’ பெயரைப் பதியலாம். முதலில் வருபவருக்கே பெயர். குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை ஒரே தடவையில் பதியலாம். ‘கோ.இன்’, ‘ஆர்க்.இன்’ போன்றவையும் எல்லோருக்கும் திறந்தவையே. ஆனால் ‘ஏசி.இன்’, ‘எஜு.இன்’ ஆகியவை இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை. அவற்றை எர்நெட் இந்தியா என்னும் அரசு அமைப்பே, தகுதிச் சான்றுகளைப் பார்த்து வழங்குகிறது. அரசுத் துறைகளுக்கு ‘ஜிஓவி.இன்’ தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. முகவரியின் முடிவைப் பார்த்தே, தகுதி சரிபார்க்கப்பட்ட நிறுவனமா, யார் வேண்டுமானாலும் பதிந்த பெயரா என்று ஓரளவு அறியலாம். ஜகாத் பணம் அனுப்புமுன் இதைக் கவனிப்பது நன்று.

எல்லா நாடுகளும் இப்படிக் கதவை முழுதும் திறந்து வைக்கவில்லை. அமெரிக்காவின் ‘.யுஎஸ்’ பெயருக்கு அந்நாட்டோடு உறுதியான தொடர்பு இருக்க வேண்டும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அவ்வாறே நிபந்தனை வைத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபோது, ‘.இயு’ பெயர் வைத்திருந்த பிரிட்டன்வாசிகள் பலர் அதை வைத்திருக்கும் தகுதியையே இழந்தார்கள். வேறொரு நாட்டின் குறியீடு காதுக்கு இனிமையாக ஒலிக்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுப்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எல்ஒய்’ என்பது ஆங்கிலச் சொற்களின் ஈறாக அழகாகப் பொருந்துகிறது என்று லிபியாவின் குறியீட்டைப் பலர் எடுத்தார்கள். 2010ஆம் ஆண்டு, அந்நாட்டுச் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானது என்று கூறி ஒரு சேவையின் பெயரை லிபியப் பதிவகம் திரும்ப எடுத்துக்கொண்டது. யாருடைய வீட்டில் குடியிருக்கிறோமோ, அவருடைய விதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

இனி எங்கள் இழப்புக்கு வருவோம். தவணை முடிந்த நாளிலேயே பெயர் பறிபோவதில்லை. பொதுவாகச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை, வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பன்மடங்கு கூடும். அதன்பின் 5 நாட்களில் பெயர் விடுவிக்கப்படும். விடுவிக்கப்பட்ட கணமே எவரும் எடுக்கலாம். இதற்கெனவே காத்திருக்கும் வணிகர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் நல்லவர்கள் வந்து சென்ற முகவரி என்பதே அவர்களுக்கு மதிப்பு. நாம் சேர்த்த நம்பிக்கையைத்தான் அவர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

இன்னும் அஞ்ச வேண்டிய ஒன்று உண்டு. பெயர் யாரிடம் இருக்கிறதோ, அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சல்களும் அவரிடமே போய்ச் சேரக்கூடும். எங்கள் ரசீதுப் புத்தகத்தில் அச்சிட்டிருந்த மின்னஞ்சல் முகவரி அந்த டொமைனைச் சேர்ந்தது. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில், வழக்கமாக ஜகாத் அனுப்பும் ஒவ்வொருவரையும் தேடித் தேடித் தொலைபேசியில் அழைத்து, “அந்த முகவரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்” என்று சொன்னோம். இஃதிகாஃபில் இருந்தவர்களுக்குப் பிள்ளைகள் வழியே சொல்லியனுப்பினோம்.

பெயரை மீட்க வழி இல்லையா என்று எங்கள் மஹல்லாவின் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். வழி உண்டு என்றார். ‘.இன்’ பெயர்த் தகராறுகளுக்கென ‘ஐ.என்.டி.ஆர்.பி.’ என்னும் தனி நடைமுறை இருக்கிறது. நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்பளிப்பார். முறையிடுபவர் மூன்றை நிறுவ வேண்டும். அந்தப் பெயர் நமக்கு உரிமையுள்ள பெயரையோ வணிகச் சின்னத்தையோ ஒத்திருக்கிறது. எடுத்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை. தீய எண்ணத்தோடு பதியப்பட்டது அல்லது பயன்படுத்தப்படுகிறது. டொமைன் பெயர்களுக்கும் வணிகச் சின்னங்களைப் போன்ற சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2004ஆம் ஆண்டு சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது.

ஆனால் எங்கள் மதரஸாவின் பெயர் ஊர்தோறும் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் வைக்கப்படும் பொதுவான அரபுச் சொல். அதை நாங்கள் சின்னமாகப் பதிந்ததும் இல்லை. டொமைனோ எங்கள் பெயரில் பதியப்பட்டதே இல்லை. கட்டணமும் செலவும் ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கான பணத்திலிருந்து போக வேண்டும். வழக்கறிஞர் இறுதியில் சொன்னார்: “ஹழ்ரத், அவன் உங்க கையிலிருந்து பறிக்கல. நீங்க கீழே போட்டதை எடுத்திருக்கான்.” நாங்கள் வழக்குத் தொடுக்கவில்லை.

புதிய பெயர் ஒன்றைப் பதிந்தோம். பதிவாளர் என்ற இடத்தில் அறக்கட்டளையின் பெயரை எழுதினோம். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உண்மையாகத் தந்தோம். பொய்த் தகவல் தந்தால் பெயரை நிறுத்திவைக்கும் அதிகாரம் பதிவகத்துக்கு உண்டு. தொடர்பு மின்னஞ்சலைத் தனி ஒருவருடையதாக வைக்காமல், நிர்வாகத்துக்குரியதாக, அதே டொமைனைச் சாராத வேறொன்றாக வைத்தோம். டொமைன் முடங்கினால் அதைச் சார்ந்த மின்னஞ்சலும் முடங்கும். நினைவூட்டல் வந்தும் பயனில்லை. 5 ஆண்டுகளுக்குப் பணம் கட்டினோம். கடவுச்சொல்லை உறையிலிட்டுச் செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாகக் கொடுத்தோம். தவணை முடியும் நாளைச் சொத்துப் பதிவேட்டில், நிலப் பத்திரத்துக்கும் மின் இணைப்புக்கும் அடுத்த வரியில் எழுதினோம். ஆண்டுதோறும் ஷஅபானில் கணக்குப் பார்க்கும்போது அந்த வரியையும் வாசிக்கிறோம்.

மக்கா வெற்றியின்போது கஅபாவின் திறவுகோல் நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அதைத் தம்மிடம் தருமாறு நெருங்கிய உறவினர் கேட்டபோதும், முன்பு வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே அதை ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கப் பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விளக்கும்போது தஃப்ஸீர் நூல்கள் இந்நிகழ்வைக் குறிப்பிடுகின்றன. இன்றும் அத்திறவுகோல் பனூ ஷைபா குடும்பத்தாரிடமே இருக்கிறது. சாவி யாரிடம் என்பதை ஊரே அறிந்திருந்தால்தான் அமானிதம் தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

அந்த ஷவ்வாலில் புதிய மாணவர்களுக்கு நாங்கள் கொடுத்த முதல் வேலை, மீதமிருந்த ரசீதுப் புத்தகங்களில் பழைய முகவரியின் மேல் புதிய முகவரிச் சீட்டை ஒட்டுவது. தொலைபேசியில் அழைத்த அந்தத் தாயின் மகனும் பசையும் கையுமாக அமர்ந்திருந்தான். “ஏன் ஹழ்ரத் பழையது வேணாம்?” என்று கேட்டான். “அதை நாங்க பத்திரமா வச்சுக்கல, வாப்பா” என்றோம். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

சில நூறு ரூபாய் ஆண்டுக் கட்டணந்தானே என்று எண்ணாதீர்கள். உங்கள் பள்ளிவாசலின், மக்தபின், அறக்கட்டளையின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்நாளில் தவணை முடிகிறது என்று இந்த வாரமே நிர்வாகத்தாரிடம் கேளுங்கள். அன்புடன் செய்து தந்த இளைஞர் இருந்தால் அவருக்கு நன்றி சொல்லி, பதிவை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அது அவர்மீது சந்தேகம் கொள்வதாகாது. அவருடைய தோளிலிருந்து ஒரு சுமையை இறக்குவதாகும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சிறிதையும் பெரிதையும் பேணிக் காக்கும் நல்லுதவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.