மாறிலியும் மாறும்

"நன்னா, மாறிலி என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது மாறுகிறதே!"

முதுகலை இயற்பியல் பயிலும் நம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒருநாள் மஃரிபுக்குப் பின் பாடநூலை நம்முன் விரித்து வைத்து இவ்வாறு கூறினாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நமக்கோ சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லைக் கொண்டே ஒரு மாணவனின் வாயை நாம் அடைத்ததுண்டு.

அது 1980ஆம் ஆண்டு. அப்போது நாம் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அணுக்கருவைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. வன்விசையின் வலிமை 1 என்றும், மின்காந்த விசையின் வலிமை 137இல் ஒரு பங்கு என்றும் கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "மிகுந்த ஆற்றலோடு மோதவிட்டாலும் இந்த எண் இதேதானா, சார்?" என்று கேட்டான். "மாறிலி என்றால் மாறாதது. விடை பெயரிலேயே இருக்கிறது, உட்கார்" என்றோம். வகுப்பே சிரித்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் கேட்டதற்கு விடை 7 ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது என்பதை நாம் அன்று அறிந்திலோம்.

1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்முடுக்கி ஆய்வகத்தில் எலக்ட்ரான்களைப் பேராற்றலோடு புரோட்டான்கள்மீது மோதவிட்டனர். புரோட்டானின் உள்ளே இருக்கும் குவார்க்குகள், எக்கட்டும் அற்றவைபோல் நடந்துகொண்டன. ஆயினும் ஒரு குவார்க்கையேனும் வெளியே இழுத்துத் தனியே நிறுத்த எவராலும் இயலவில்லை. உள்ளே விடுதலை, வெளியேற முயன்றால் சிறை! இந்த விந்தையை எந்தக் கோட்பாடு விளக்கும்?

அக்காலத்துப் புலக்கோட்பாடு எதுவும் விளக்காது என்று நிறுவவே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிராஸ் முனைந்தார். தம் மாணவர் ஃபிராங்க் வில்செக்குடன் சேர்ந்து எஞ்சியிருந்த கோட்பாட்டைக் கணக்கிட்டார். முடிவு ஒரு குறியில் தொங்கியது: கூட்டலா, கழித்தலா? இடையில் ஓர் உறுப்பின் குறி தவறிப்போக, அவர்கள் எதிர்பார்த்த விடையே வந்தது. விரும்பிய விடை கிடைத்தபின் மறுபடியும் கணக்கைப் பார்ப்பவர் எத்தனை பேர்? கட்டுரையாக எழுத அமர்ந்த கிராஸ் பிழையைக் கண்டுகொண்டார். தம் எண்ணத்திற்கு மாறான விடையை ஏற்றுக்கொண்டார். ஹார்வர்டில் பயின்ற டேவிட் பொலிட்சரும் தனியே கணக்கிட்டு அதே முடிவை அடைந்தார். 1973இல் இரு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியாயின. 2004இல் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது.

அவர்கள் கண்டதுதான் என்ன? வெற்றிடம் உண்மையில் வெறுமையன்று. மின்னூட்டம் ஒன்றைச் சுற்றித் தோன்றி மறையும் துகள் இணைகள் அதற்குத் திரையிடுகின்றன. ஆற்றலைக் கூட்டி நெருங்கினால் திரை விலகும். வலிமை சற்றே உயரும். 137இல் ஒரு பங்காக இருந்தது, 91 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஏறத்தாழ 128இல் ஒரு பங்காகிறது. வன்விசையில் குவார்க்குகளும் இவ்வாறே திரையிடுகின்றன. ஆனால் அவ்விசையைச் சுமக்கும் குளுவான்கள், மின்னூட்டமற்ற ஃபோட்டான்களைப் போன்றவை அல்ல. 'நிறம்' எனப்படும் ஊட்டத்தை அவை தாமே உடையவை. அதனைச் சுற்றிலும் பரப்பிவிடுகின்றன. நெருங்கிச் செல்லுந்தோறும் அப்பரப்பில் ஒரு பகுதியே எதிர்ப்படுகிறது, வலிமை குறைகிறது. கணக்கில் குளுவான்களின் பங்கு 11. எதிர்ப்பக்கம், குவார்க் வகை ஒன்றுக்கு மூன்றில் இரண்டு. 6 வகைக்கும் சேர்த்து 4 போக, 7 எஞ்சுகிறது. வெற்றி குளுவான்களுக்கே.

ஏறத்தாழ 2 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் 0.3 அளவிலிருக்கும் அந்த எண், 91இல் 0.118 ஆகிறது; 1000இல் 0.09ஐ ஒட்டி இறங்குகிறது. ஜெனீவாவின் பெரு மோதுகலன் வரையில் அளந்து பார்த்தும் கணக்குப் பொய்க்கவில்லை. ஆற்றல் குறைந்து தொலைவு கூடினால் எண் ஏறிக்கொண்டே போகிறது. குவார்க்குகள் வெளியேற இயலாமைக்கு அதுவே அடிப்படை. நாம் கரும்பலகையில் எழுதிய 1, அந்தக் குறைந்த ஆற்றல் எல்லைக்கு மட்டுமே பொருந்தும்.

இவற்றையெல்லாம் பேத்தியே பொறுமையாக நமக்கு விளக்கினாள். அந்த மாணவனைப் பற்றிச் சொன்னோம். "அவர் இப்போது எங்கே இருக்கிறார், நன்னா?" என்றாள். நாம் அறியோம். அறியாமை பெருங்குற்றமன்று, ஆசிரியரும் கற்கவேண்டியவரே. கேட்டவனைச் சிரிப்புக்கு ஆளாக்கியதே குற்றம். கிராஸ் தம் கணக்கை மீண்டும் பார்த்தார். நாம் பாடநூலைக்கூட மீண்டும் புரட்டவில்லை.

அவன் இன்று அறுபதைக் கடந்திருப்பான். இப்பக்கம் அவன் கண்ணில் படுமாயின், அவனுக்கு நாம் சொல்ல வேண்டியது இவ்வளவே: தம்பி, உன் கேள்வி சரி. நம் விடைதான் தவறு. அந்த எண் மாறுகிறது.