விகாரைக்கு இந்தப் பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டம் விடிவதே சங்குச் சத்தத்தில்தான். இருட்டோடு ஸ்டோர் சங்கு ஊதும். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவார். 1979இல் பள்ளத்தில் கொத்மலை ஓயாவை மறித்து அணை கட்டத் தொடங்கினார்கள். எங்கள் மலைக்கு இன்னொரு சங்கும் வந்தது. அது நீளமாக ஊதினால் பாறைக்கு வெடி வைக்கப்போகிறார்கள். லயத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்போம். முதலில் புகை எழும். அப்புறம்தான் சத்தம் வந்து தகரக் கூரையை உலுக்கும்.

கட்டியது சுவீடன் நாட்டு ஸ்கான்ஸ்கா கம்பெனி. அந்த நாட்டு அரசும் பண உதவி செய்தது. மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணை பிரிட்டனுக்கு, ரந்தெனிகல ஜெர்மனிக்கு, எங்கள் பள்ளம் சுவீடனுக்கு. அப்பா தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு அங்கே வேலைக்குப் போனார். ராத்திரி ரொட்டியைப் பிய்த்தபடியே சொல்வார்: கல்லைக் கொட்டுவார்களாம், ரோலர் ஓட்டி இறுக்குவார்களாம், அதன்மேல் அடுத்த அடுக்காம். அப்படியே 87 மீட்டர் உயரத்துக்கு. தண்ணீர் முட்டும் பக்கத்தில் மட்டும் கொங்கிரீட்.

தாத்தாவுக்கு வெள்ளைக்காரர் என்றால் தொரை. 1975இல் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது அவர்கள் போய்விட்டார்கள். நான் ஒருவரையும் பார்த்ததில்லை. நான் பார்த்த முதல் வெள்ளைக்காரர் முழங்கால்வரை சேறாக இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் கல்லிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். ஓடிவந்து தாத்தாவிடம் சொன்னேன். "தொரை ஒக்காந்தாரா? ஒங்கப்பன் பக்கத்துலயா?" என்று இரண்டு தரம் கேட்டார். அன்றைக்கு முழுக்க அவர் வேறு எதுவும் பேசவில்லை.

ஆற்றோரத்துக் கிராமங்களில் ஒரு சிங்களப் பெண் அம்மாவுக்கு நெருக்கம். அம்மா "அக்கே" என்பார், அவர் "நங்கி", தங்கை, என்பார். ஒருவர் பாஷை மற்றவருக்குப் பாதிதான் வரும். தேயிலைத்தூள் கொண்டுபோனால் பலாக்காயும் கித்துள் கருப்பட்டியும் தருவார். அவர் வீடும் வயலும் கடதொர விகாரைக்குக் கிட்டே.

அந்த ஊர்களெல்லாம் நீருக்குள் போகும் என்றார்கள். சிலருக்கு மேலேயே தேயிலைக் காணி கிடைத்தது. பலருக்குத் தூரத்து உலர்வலயத்தில் மகாவலிக் காணி. அக்கே தூரம் போனார். அன்று அம்மா வேலைக்குப் போகாமல் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். வீட்டுக் கூரையில் ஓடு இல்லை. கதவும் நிலையும் லொறியில் கிடந்தன. விதைநெல் மூட்டையை மட்டும் லொறியில் போட விடாமல் மடியில் வைத்துக்கொண்டார் அக்கே. இரண்டு பேரும் அழவில்லை. லொறி வளைவில் மறைந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றார்.

1985இல் அணையைத் திறந்தார்கள். மலையைக் குடைந்து கட்டிய நிலத்தடி மின்நிலையத்துக்கு 201 மெகாவாட் திறன். அப்பாவுக்கு வேலை முடிந்தது.

கடும் வறட்சியில் நீர் இறங்கினால் விகாரைச் சுவர் வெளியே தெரியும். அப்படி ஒரு வருடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். வெடித்துக் கிடந்த சேற்றில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் விகாரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் விரல் அதை விட்டுவிட்டு வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"அதுக்கு இந்தப் பக்கம். ரெண்டு வயல் தள்ளி, பலா மரம் நின்ன எடம்."