வரிசையில் சொன்ன ஒரு வார்த்தை

முத்தையா முரளிதரனின் முழங்கையைப் பற்றிப் பேசாத லயம் எங்கள் பதுளைப் பக்கத்தில் இருக்கவில்லை. 1995இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார், அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை 'நோ போல்' கொடுத்தார். 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை போய்விட்டார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் என்பதால், எங்கள் ஆட்களுக்கு அது சொந்த வீட்டுச் சண்டை.

சாந்தி சௌந்தரராஜனுக்காக அப்படி யாரும் போகவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள் அவர். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களுக்குள், பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அப்போது நான் பாடசாலை மாணவி. அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி டீவியில் பேசாதவர் இல்லை. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்த சிலரின் குரோமோசோமும் ஹோர்மோனும் வழமைக்கு மாறாக இருப்பதுண்டு, அது ஏமாற்று அல்ல என்று விளக்கிச் சொல்லத்தான் ஆள் இல்லை. 2007இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிறகு மீண்டும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போனார். நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைக்கப் பல வருடங்கள் சென்றன. பதக்கம் திரும்பவில்லை.

போட்டிக்கு விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025இல் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் பெண்கள் பிரிவில் ஓடும் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சரியா பிழையா என்று அறிஞர்கள் வாதாடட்டும். முடிவை முதலில் யாரிடம் சொல்வது என்பதுதான் என் கேள்வி. இதைக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விடயம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை. வயது பதினேழு. வலயப் போட்டியில் முதலாவதாக வந்தவள். ஒருநாள் அவள் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மிஸ், புள்ள இன்னும் பெரிய மனுஷி ஆகல. சடங்கு எப்பன்னு லயத்துல கேக்குறாங்க."

பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். நீண்ட வரிசை. துண்டு கொடுப்பவர் என்ன வருத்தம் என்று கேட்டார். அவசரத்தில் நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் அதே தோட்டத்துப் பெண்ணொருவர் நின்றதைத் திரும்பிய பிறகுதான் கண்டேன். பல்கலைக்கழகத்தில் 'இரகசியம் பேணல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்!

மாலைக்குள் செய்தி பீலிக்கரைக்குப் போய்விட்டது. ஆம்பளையா பொம்பளையா என்று பையன்கள் கேட்டார்களாம். அவள் மாகாணப் போட்டிக்குப் போகவில்லை.

உடம்பிலுள்ள தழும்புக்கு எல்லோர் முன்னிலையிலும் காரணம் சொல்ல நேர்ந்த சகோதரிகள் இதை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா தேத்தண்ணி தந்தார். பிள்ளை வெளியே வரவில்லை. மூன்றாம் தடவைதான் வந்தாள். "நீங்க மெதுவா சொல்லியிருக்கலாம் மிஸ்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

டொக்டர் என்ன சொன்னார் என்று சக உத்தியோகத்தர்கள்கூட என்னிடம் கேட்டார்கள். சொல்லவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். அவளுக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

இப்போது கிளினிக்குக்கு யாரைக் கூட்டிப்போனாலும் காரணத்தை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மடித்துக்கொடுக்கிறேன். வாசித்துவிட்டுச் சத்தமாகத் திருப்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது உள்ளே வந்து சொல்கிறேன் என்று நிற்பேன். சில நாள் ஏச்சும் விழும்.

போன மாதம் காலைப் பெரட்டுக்கு முன்னே தோட்டத்துப் பக்கம் போனேன். பனிமூட்டத்துக்குள் ரோட்டில் யாரோ ஓடிவரும் சத்தம். அவள்தான். நான் கையசைத்தேன். அவள் நிற்காமல் என்னைக் கடந்து ஓடினாள்.