வெண்பஞ்சும் குளிர்நீரும்

சித்திரை மாதத்துச் சிம்மக்கல்லில் குடியிருப்போர்க்குத் தண்ணீரின் குணம் நன்கு தெரியும். மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரில் கை வைத்தவர்கள், அதனைக் குளிர்ந்த நீர் என்று மறந்தும் சொல்லமாட்டார்கள். அண்டையிலே ஓடவேண்டிய வைகையும் யானைக்கல் பாலத்தின் கீழ் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. இத்தகைய ஊரில், 16 முதல் 18 பாகை வெப்பமுள்ள நீரிலேயே நலமாக வாழக்கூடிய உயிர்கள் ஒன்பது, சென்ற ஆண்டு மாசி மாதம் எங்கள் பொறுப்பில் விடப்பட்டன. அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இருவர். எங்களுடன் எண்பது கடந்த அன்னையார். எங்கள் தம்பி மகன் வேலை கிடைத்துப் புனே நகருக்குச் சென்றபோது, தான் ஆசையாய் வாங்கி வளர்த்த ஆக்சலாட்டல் குஞ்சுகளை அங்கே கொண்டுசெல்ல வழியின்றி எங்களிடம் ஒப்படைத்தான். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளமே இருந்தது.

ஆக்சலாட்டல் மீனன்று, தவளை இனத்துக்கு உறவான சலமாண்டர் வகையைச் சேர்ந்தது. தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகிக் கரையேறுவதுபோல் இது கரையேறுவதில்லை. முதிர்ந்து முட்டையிட்ட பின்னரும் கழுத்தின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்களோடு நீரிலேயே தங்கிவிடுகிறது. மெக்சிகோ நகரையொட்டிய சோச்சிமில்கோ கால்வாய்களே இதன் தாயகம். 1864ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்ட சிலவற்றிலிருந்து, ஓகுஸ்ட் துமெரில் என்ற அறிஞரின் கண்காணிப்பில் பெருகியவற்றின் வழித்தோன்றல்களே உலகத்துச் சோதனைச்சாலைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் பரவின. தாயகத்திலோ நிலைமை நேர்மாறானது. சோச்சிமில்கோவில் 1998இல் சதுரக் கிலோமீட்டருக்கு 6000 என மதிப்பிடப்பட்டவை, 2014இல் வெறும் 36 ஆகச் சுருங்கின. கடை கடையாய்த் தொட்டிகளில் விற்கப்படும் ஓர் உயிர், தான் பிறந்த நீரில் மறைந்துகொண்டிருப்பது இக்காலத்து விந்தைகளுள் ஒன்று. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்திற்குப் பின், இத்தகைய அயல்நாட்டு அரிய உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். தம்பி மகன் அந்தப் பதிவுத் தாள்களையும் எங்களிடம் கொடுத்துச் சென்றான்.

பங்குனி பிறந்து சில நாள் ஆனதும் ஒரு காலைப் பொழுதில், ஒரு குஞ்சின் செவுளில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டோம். தலையணையிலிருந்து பிரிந்த இலவம்பஞ்சின் இழைபோல் அது தெரிந்தது. மாலைக்குள் அது பட்டாணியளவு திரண்டுவிட்டது. மறுநாள் இன்னொன்றின் வெட்டுண்ட காலிலும் அதே பஞ்சு.

அம்மாவை அழைத்துக் காட்டினோம். கண்ணாடியில் முகம் வைத்து நெடுநேரம் பார்த்தவர், "இதுக்கும் உமி பட்டுருச்சோ?" என்றார்.

அந்தக் கேள்வியின் வேர் எங்களுக்குத் தெரியும். அவர் சோழவந்தான் பக்கத்து வயல்களில் கதிரடித்த காலத்தில் ஒரு நாள் நெல்லுமி கண்ணில் பட்டது. கீறல் சிறிதுதான், அதன் வழியே நுழைந்த பூஞ்சையோ கருவிழியைப் புண்ணாக்கிவிட்டது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டு, வாரக் கணக்கில் போராடிப் பார்வையைக் காத்துக்கொண்டார். மதுரை வட்டாரத்து உழவர் குடும்பங்களுக்கு இந்நோய் புதிதன்று. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு உலகமே திரும்பிப் பார்க்கும் ஆய்விடமாக வளர்ந்ததற்கு, கதிரும் வைக்கோலும் கண்ணைக் கீறும் நம் வயல்வெளி வாழ்க்கையும் ஒரு காரணம். நட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து, விலையுயர்ந்த வோரிகோனசோலைவிடச் சிறந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு நிறுவியது. அந்த ஆய்வில் பங்கேற்ற நோயாளிகள் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த நம் மக்களே.

அம்மாவின் சொல் எங்களை வழிப்படுத்தியது. பூஞ்சை முதலில் வருவதில்லை. முதலில் வருவது புண். ஆகவே பஞ்சைப் பார்ப்பதை விட்டுப் புண்ணைத் தேடினோம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணைத் தாக்கும் பூஞ்சையும் நன்னீரில் பஞ்சாய் வளர்வதும் ஒரே குலத்தவை அல்ல. பின்னதற்குச் சாப்ரோலெக்னியா என்று பெயர். பூஞ்சைபோல் தோன்றினாலும், பிறப்பால் கடற்பாசிகளுக்கும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளுக்கும் நெருங்கியது. அதன் வித்துக்கள் சாட்டை போன்ற இரண்டு இழைகளை அசைத்து நீரில் நீந்தித் திரிபவை. குளம், கிணறு, குழாய் என எல்லா நீரிலும் அவை உண்டு. அவற்றை அடியோடு ஒழிப்பது நம்மால் ஆகாது. மனிதருக்கான பூஞ்சைக் களிம்பைத் தடவினால் போதும் என எண்ணுவோர் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே. அம்மருந்துகளுள் பல, பூஞ்சையின் மேலுறையிலுள்ள ஒருவகைக் கொழுப்பைக் குறிவைப்பவை. சாப்ரோலெக்னியாவின் உறை வேறு விதமாய் அமைந்தது.

புண் எப்படி வந்தது? விளக்கைப் பிடித்துக்கொண்டு இரவில் கவனித்தபோது விடை கிடைத்தது. இக்குஞ்சுகளுக்குப் பார்வை மங்கல். தம் வாய்க்கு முன்னால் அசைவதெல்லாம் இரையென்று கொள்பவை. ஒன்றின் கால் அசைந்தால் மற்றொன்று கவ்வுகிறது. செவுள் ஆடினால் அதனையும் கடிக்கிறது. கால்கள் முளைத்து இரண்டு மூன்று அங்குலம் வளரும்வரை இந்தக் குணம் மிகுதி. கடியுண்ட கால் ஓரிரு மாதத்தில் எலும்பும் விரலுமாக முழுதாய் மீண்டும் முளைத்துவிடும். படைப்பில் இவற்றுக்குக் கிடைத்த பெரும் வரம் அது. ஆனால் முளைப்பதற்குள் அந்தப் புண்ணில் பஞ்சு குடியேறினால் குஞ்சு பிழைப்பது அரிது.

அன்றே ஒன்பதையும் பிரித்தோம். ஒன்பது பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் நீர். மாநகராட்சிக் குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, குளோரின் நீக்கும் மருந்துத் துளிகளையும் இட்ட பிறகே பயன்படுத்தினோம். நாள்தோறும் பழைய நீரை முற்றிலும் கொட்டிப் புதுநீர் ஊற்றினோம். உயிருள்ள ஆர்ட்டிமியாப் பொடிப்பூச்சிகளையும் நறுக்கிய மண்புழுவையும் உண்ணக் கொடுத்து, மிச்சத்தை அரைமணி நேரத்திற்குள் உறிஞ்சு குழலால் எடுத்தோம். அழுகும் இரையில்தான் பஞ்சு முதலில் கிளைக்கிறது. கழிவிலிருந்து பெருகும் அமோனியாவோ கண்ணுக்குத் தெரியாமல் தோலையும் செவுளையும் எரித்துப் பஞ்சுக்கு இடம் செய்து கொடுக்கிறது. கழிவுநீரைச் சாக்கடையிலும் ஆற்றிலும் விடாமல், மாடியிலிருந்த ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றினோம். அயல் உயிரின் நோய் நம்மூர்த் தவளைக்குப் போய்ச் சேரலாகாது.

நோயுற்ற இரண்டுக்கும் உப்புக் குளியல். வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு ஒரு லிட்டர் நீரில் அயோடின் சேராத உப்பு இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி கரைத்து, பத்து அல்லது பதினைந்து நிமிடம் விடுவது வழக்கம். குஞ்சுகளுக்கு நாங்கள் அதில் பாதியையே கரைத்தோம். நேரமும் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. துள்ளினால் உடனே எடுத்துவிட்டோம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. குளியல் நீரும் டப்பா நீரும் ஒரே வெப்பத்தில் இருக்கவேண்டும் என்பதில் தங்கை மிகக் கண்டிப்பானவள். பஞ்சைச் சாமணத்தால் பிடுங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். செவுளின் இழைகளும் அதனோடு பிய்ந்து வரும் என்பதால் அதற்கு நாங்கள் உடன்படவில்லை. மூன்றாம் நாள் செவுளிலிருந்த பஞ்சு தானே கழன்று மிதந்தது.

காலில் நோய் கண்ட குஞ்சுக்கு உப்பு போதவில்லை. தனி டப்பாவில் மெத்திலீன் நீலம் இட்டோம். 1876இல் ஜெர்மானிய வேதியியலார் ஹைன்ரிக் காரோ துணிச்சாயமாக உருவாக்கிய அந்த நீலம், பின்னர் மருந்தாகவும் உயர்ந்தது. கண்ணாடித் தொட்டியில் அதை ஊற்றினால் கழிவைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்களும் மடியும் என்பதால் தனி டப்பா இன்றியமையாதது. மீன் கடைகளில் கிடைக்கும் பச்சை மருந்தான மாலக்கைட் பச்சை, இத்தகைய மெல்லிய தோலுள்ளவற்றுக்கு நஞ்சு. அதைத் தொடவே இல்லை. நாட்டு வாதுமைச் சருகைக் கொதிக்கவைத்துத் தேநீர் நிறத்தில் இறக்கி ஆறவைத்த நீரைச் சிறிது சேர்ப்பதும் உண்டு. அதன் துவர்ப்பு தோலுக்கு இதம். முற்றிய நோயை அது மாற்றும் என்று நாங்கள் நம்பவில்லை. இத்தனை செய்தும் அந்தக் குஞ்சு ஐந்தாம் நாள் இறந்தது. வந்த நாள் முதலே இரையெடுக்காத வேறொன்றும் அதே வாரத்தில் போயிற்று. ஏழு எஞ்சின.

இனி வெப்பம். உள்ளபடியே மதுரையில் முதல் மருந்து குளிர்ச்சிதான். நீர் 22, 24 பாகையைத் தாண்டினால் ஆக்சலாட்டலின் நோய் தாங்கும் ஆற்றல் தளர்கிறது. நீரில் உயிர்வளியும் குறைகிறது. மானாமதுரை மண்பானையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பானை நீர் நாவுக்கு இனிது. ஆனால் கசிந்து ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. கோடை நாளில் நம்மூர்க் காற்றிலுள்ள ஈரத்திற்கு அது 25 பாகைக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. எனவே எங்கள் வீட்டின் ஒரே குளிர்சாதன அறையான அம்மாவின் அறைக்கு ஏழு டப்பாக்களும் குடிபோயின. அகன்ற தாம்பாளங்களில் நீர் நிறைத்து அவற்றுள் டப்பாக்களை வைத்து, பனிக்கட்டியாய் உறைந்த புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்கவிட்டு, மேலே சிறு விசிறி சுழலவிட்டதில் 19 பாகை கிடைத்தது.

கத்திரி வெயில் நாள்களில் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று ஒரு நாள் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. முதல் நாளே பனிக்கட்டி வாங்கித் தூக்குவாளிகளில் மூடி வைத்திருந்தோம். கட்டி உருகிய நீர் டப்பாவில் கலவாதபடி மூடிய வாளியையே தாம்பாளத்தில் மிதக்கவிடுவதுதான் ஏற்பாடு. பிற்பகலில் ஒரு வாளியே எஞ்சியது. அதை ஈரத்துணியில் சுற்றி அம்மாவின் கட்டிலருகே வைக்கலாமென்று எடுத்தோம். அவர் பனையோலை விசிறியை உயர்த்திக் காட்டி, "எனக்குக் கை இருக்கு, விசிறி இருக்கு. அதுகளுக்கு என்னடா இருக்கு?" என்றார். அன்று மாலை நீர் 23 பாகைவரை ஏறி, மின்சாரம் வந்தபின் இறங்கிற்று. அந்த வாரம் முழுதும் ஒவ்வொரு செவுளையும் காலையிலும் இரவிலும் விளக்கு வைத்துப் பார்த்தோம். பஞ்சு வரவில்லை.

மெக்சிகோ நாட்டின் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் தொமினிக்கன் சபைக் கன்னியர் மடம் ஒன்று உண்டு. அவ்வேரியில் மட்டுமே வாழும், ஆக்சலாட்டலுக்கு நெருங்கிய உறவான அச்சோக்கே என்ற உயிரைக் கொண்டு, அச்சகோதரிகள் நெடுங்காலமாய் இருமல் மருந்து காய்ச்சி வந்தார்கள். ஏரி கெட்டு அச்சோக்கே அருகியபோது, மடத்துக்குள்ளேயே கண்ணாடித் தொட்டிகளிலும் குளியல் தொட்டிகளிலும் அதனை வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்கா போன்ற நிறுவனங்கள், அவ்வுயிரைக் காக்க அவர்களோடு கைகோத்துள்ளன. அதன் அறிவியற் பெயரில் இருப்பவரும் முன்னே சொன்ன துமெரில்தான். சகோதரிகளின் அன்றாடப் பணி நீர் மாற்றுவது, தொட்டி கழுவுவது, இரையிடுவது, நோயுற்றதைப் பிரிப்பது. அதைப் படித்துக் காட்டியபோது அம்மா, "ஏரித் தண்ணி அங்க குளுமையா இருக்குமே" என்று மட்டும் கேட்டார். ஆம், அது இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஏரி என்றோம். "அப்ப அவங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார்.

மதுரையில் புதிதாய் ஆக்சலாட்டல் வாங்கலாமா என்று கேட்போர்க்கு, வேண்டாம் என்றே சொல்கிறோம். குளிர்சாதன அறையும் நாள் தவறாமல் நீர் மாற்றும் கையும் இல்லாத வீட்டில் அது பஞ்சு பூத்து மடியும். கொடைக்கானல் ஏரியில் விட்டுவிடலாமே என்று இரங்குவோரும் உண்டு. அது இதற்கும் நல்லதன்று, அந்த ஏரிக்கும் நல்லதன்று. வந்துவிட்ட ஏழும் எங்களோடு இருக்கின்றன. சாண் நீளம் வளர்ந்து, கடிக்கும் குணமும் தணிந்துவிட்டதால், அம்மாவின் கட்டிலருகே ஒரே கண்ணாடித் தொட்டியில் வாழ்கின்றன. செவுளை இழந்த குஞ்சுக்கு அது மீண்டும் விரிந்திருக்கிறது, மற்ற பக்கத்தைவிடச் சற்றே குட்டையாக.