எழுத்தும் கலியாணமும்

"எழுத்து முடிந்துவிட்டது, கலியாணம் தை மாதம்" என்ற பேச்சை யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கலாம். விவாகப் பதிவுகாரரின் புத்தகத்தில் கையொப்பமிடுவதையே எமது மக்கள் 'எழுத்து' என்கின்றனர். எழுத்து முடிந்த பின்பும், தாலி ஏறும்வரை, பெண்ணும் மாப்பிள்ளையும் தத்தம் பெற்றோர் வீட்டிலேயே இருப்பது வழக்கம். அரசாங்கத்தின் கணக்கில் அவர்கள் தம்பதிகள். ஊரின் கணக்கில் இன்னும் அல்லர். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ஐயரை அழைக்கவும் பந்தலிடவும் வசதியின்றி, உறவினர் நாலுபேர் முன்னிலையில் 'சோறு கொடுத்து' இல்லறந் தொடங்கிய ஏழை மக்கள் எமது கிராமங்களில் வாழ்ந்தனர். ஊர் அவர்களைத் தம்பதிகளென ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்தப் புத்தகத்திலும் அவர்களின் பெயர் ஏறவில்லை.

இந்நாட்டுச் சட்டம் இவ்விரு கணக்குகளையும் ஓரளவு இணக்கப்படுத்தியே வந்துள்ளது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பதிவை விவாகத்தின் மிகச் சிறந்த சான்றெனக் கொள்கிறது. எனினும், வழக்காற்றுச் சடங்கையும், கணவன் மனைவியென ஊரறிய வாழ்ந்த வாழ்வையும் எமது நீதிமன்றங்கள் சாட்சியமாக ஏற்றுள்ளன. ஆகவே, பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மடிகின்றவர்களுக்கு எழுத்துக்கும் கலியாணத்துக்கும் இடையிலுள்ள வெளி பெரிதாகத் தோன்றுவதில்லை. இருவரில் ஒருவர் கடல் கடந்துவிட்டாலோ, அவ்வெளி தாண்ட முடியாத கடலாகவே ஆகிவிடுகிறது.

ஆசிரியத் தொழில் செய்பவனிடம் ஊரார் பாடம் மட்டும் கேட்பதில்லை. விண்ணப்பப் பத்திரங்களையும் கொண்டுவந்து நீட்டுவர். வெளிநாட்டிலுள்ள கணவனிடம் செல்வதற்காகப் பெண்கள் சமர்ப்பிக்கும் பத்திரங்கள் பலவற்றை இவ்விதம் நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். விவாகச் சான்றிதழும் அதன் அத்தாட்சிப்படுத்தப்பட்ட மொழிபெயர்ப்பும் முதலில் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, அடையாள அட்டை யாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் தந்தையின் பெயர் முன்னும் வேறோரிடத்தில் பின்னும் நின்றால் அதற்கொரு சத்தியக் கடதாசி வேண்டும். இவற்றோடு முடிவதில்லை. எங்கே சந்தித்தீர்கள், சடங்கிற்கு யார் வந்தனர், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்ற வினாக்கள் தொடரும். புகைப்படங்கள், கடிதங்கள், தொலைபேசிப் பேச்சின் பதிவுகள், காசு அனுப்பிய துண்டுகள் அனைத்தையும் அடுக்க வேண்டும். அந்தக் கட்டைக் கையிலேந்தும்போது, இருவரின் அந்தரங்கத்தை நிறுத்து விலை கேட்கின்றார்கள் என்ற எண்ணமே எனக்கு உண்டாகும்.

இப்படி வந்தவர்களில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடிவதில்லை. 2008ஆம் ஆண்டின் கடைசியில், யுத்தம் நெருங்கிவர, ஊர்க் கோயிலொன்றில் அவளுக்குத் தாலி கட்டப்பட்டது. கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி அவசர அவசரமாகக் கலியாணங்கள் நடந்த காலம் அது. பதிவுகாரரைத் தேடிப்போக எவருக்கும் அவகாசமில்லை. 2009இல், முள்வேலி முகாமில் பிள்ளை பிறந்தது. தடுப்பிலிருந்து கணவன் மீண்ட பின்னரே, 2011இல், எழுத்து எழுதினார்கள். அடுத்த வருடம் அவன் வெளிநாடு சென்றான்.

சான்றிதழின்படி அவர்களின் மணம் 2011இல் நடந்தது. பிள்ளையோ அதற்கு இரண்டு வயது மூத்தது. எமது பிறப்புச் சான்றிதழில் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா' என்றொரு கூடு இருந்தது. அப்பிள்ளையின் சான்றிதழில் அந்தக் கூட்டில் 'இல்லை' என எழுதப்பட்டிருந்தது. உண்மையான மணவாழ்வு என்று திருப்திப்பட முடியவில்லை என அந்நாட்டு அலுவலகம் பதில் எழுதிற்று. கலியாணப் படம் உண்டா என்று கேட்டேன். பதுங்குகுழியோடு போயிற்று என்றாள். தாலியை மாத்தளனில் அரிசிக்காக விற்றிருந்தாள்.

"மாஸ்ரர், தாலி கட்டினதுக்கு ஊரே சாட்சி. அந்த ஊரை நான் இப்ப எங்கை போய்க் கூட்டிக்கொண்டு வாறது?" என்று கேட்டாள்.

முடிவில் பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்து, மரபணுவைக் கொண்டு தந்தையை நிச்சயித்த பின்னரே அவளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கிடையில் ஏழு வருடங்கள் கழிந்துவிட்டன. அவளுடைய வாய்ச்சொல்லுக்கு இல்லாத மதிப்பு பிள்ளையின் ஒரு துளி இரத்தத்துக்கு இருந்தது.

இது புதிதாக முளைத்த கொடுமையன்று. 1913ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி, தென்னாபிரிக்காவின் கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் சேர்ல் ஒரு தீர்ப்பளித்தார். ஹசன் எசொப் என்பவரின் மனைவி பாய் மரியத்தைக் கரையிறங்க அனுமதிப்பதா இல்லையா என்பதே வழக்கு. பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின்படி நடந்த விவாகம் குடிவரவுச் சட்டத்தின் முன் விவாகமாகாது என்பது தீர்ப்பு. இதனால் அங்கு வாழ்ந்த இந்து, முஸ்லிம் பெண்கள் அனைவரின் மனைவி என்னும் நிலையும் ஒரே நாளில் கேள்விக்குள்ளாயிற்று. மூன்று பவுண் தலைவரியோடு இந்த அவமானமும் சேர, அடுப்படியில் நின்ற பெண்கள் போராட்டத்துக்கு வந்தனர். திரான்ஸ்வால் பெண்கள், அவர்களுள் பெரும்பாலானோர் தமிழர், கைக்குழந்தைகளோடு நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22இல், தமது பதினாறாவது வயதில் மாண்டார். அதே ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களுக்கு அங்கீகாரம் வழங்கியது. அவர்கள் அந்த உரிமையைச் சுரங்கத் தொழிலாளியின் தோளோடு தோள் நின்றே பெற்றனர்.

எமது சொந்த நாட்டின் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமாகாதவர் பத்து வருடமும், மணமானவர் ஏழு வருடமும் இடையறாது இங்கு வசித்தமையை நிரூபிக்க வேண்டுமென விதித்தது. மனைவி தொடர்ந்து இங்கு வசித்தமைக்கும் சான்று கேட்கப்பட்டது. லயக் காம்பராவில் மாரியம்மன் சாட்சியாக மணந்து, கொழுந்து பறித்த கூடையோடு முதுமையடைந்த பெண்ணிடம், நீ இவன் மனைவியா, எத்தனை நாள் இங்கிருந்தாய், கடதாசியைக் காட்டு என்று கேட்டது அரசு. தேயிலையை நிறுத்துப் பதிந்த கணக்கப்பிள்ளையின் பேரேடுகளில் அவளுடைய இறாத்தல்கள் இருந்தன. அவளுடைய கலியாணம் இருக்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, பிரிந்த குடும்பங்களின் கண்ணீரை இரயில் நிலையங்கள் கண்டன.

கடதாசி இல்லாதவிடத்து அதிகாரம் பெண்ணின் உடலையே கடதாசியாக்கி வாசிக்கவும் தயங்காது. 1979 ஜனவரியில், தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணப்பதற்காக லண்டன் ஹீத்றோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், அவர் உண்மையில் மணமாகாதவர்தானா என்று அறிவதற்காகக் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பின்னரே அந்த வழக்கம் தடைசெய்யப்பட்டது. இன்று கேட்கப்படும் சான்று வருமானம். பிரித்தானியாவில் வாழ்க்கைத் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் உழைக்க வேண்டுமென 2012இல் விதித்தனர்; 2024 ஏப்ரலில் அதனை 29,000 பவுணாக உயர்த்தினர். உணவுச்சாலையில் கோப்பை கழுவும் தொழிலாளியின் அன்பு, அலுவலக அதிகாரியின் அன்பிலும் குறைந்த தரத்தது என்பதே இதன் பொருள்.

பொய்க் கலியாணங்கள் நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடக்கின்றன. காசுக்காக எழுத்து எழுதுவோரும், சீதனத்தை வாங்கிக்கொண்டு வெறுஞ் சான்றிதழோடு பெண்ணைக் கைவிட்டுச் செல்லும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளும் எமது சமூகத்தில் உளர். ஆனால், ஏமாற்றுக்காரனிடம் கடதாசிகள் என்றும் ஒழுங்காகவே இருக்கும். அவற்றைத் தயாரிக்க அவனுக்குக் காசும் தரகரும் உண்டு. கலியாண மண்டபமும் நூறு படங்கள் கொண்ட அல்பமும் உள்ளவன் எளிதில் கடந்துவிடுகிறான். அகதியும் ஏழையுமே வாசலில் நிற்கின்றனர்.

ஆதலால் எழுத்தே வேண்டாம் என்பது என் கருத்தன்று. கைவிடப்பட்ட மனைவிக்குத் தாபரிப்புக் கேட்கவும், விதவைக்குச் சொத்துரிமை கேட்கவும் அதுவே வலுவான ஆயுதம். தாலி கட்டிய அன்றே பதிவும் செய்யுங்கள், அதன் பிரதியொன்றை உங்கள் கையில் வைத்திருங்கள் என்று என் மாணவிகளுக்கு நான் சொல்லுவதுண்டு. ஆசிரிய நண்பர்களும் இதைத் தத்தம் ஊர்களில் சொல்லுதல் நன்று. அதேவேளை, பதிவேட்டைத் தோட்டத்துக்கும் மீள்குடியேறிய கிராமத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசின் கடமை. யுத்தம் எரித்த கடதாசிக்காக அதனைப் பறிகொடுத்தவளைக் குற்றவாளியாக்காமல், அயலவரின் வாய்மொழியையும் சாட்சியமென மதிப்பது வரவேற்கும் நாட்டின் கடமை. கடதாசியைத் தரவேண்டியவர்கள் தராதுவிட்டு, அது இல்லாத குற்றத்துக்கு ஏழைப் பெண்ணைத் தண்டிக்கும் நியாயம் கேப் நகரிலும் கொழும்பிலும் லண்டனிலும் ஒரே நியாயந்தான். அதனை மாற்றும் போராட்டமும் ஒன்றே.