கோபுரங்களும் லயங்களும்

நாட்டிலே இயங்கும் கைத்தொலைபேசி நிறுவனங்களுள் எதனுடைய சேவை எங்கும் கிடைக்கின்றது என்ற கேள்வி, ஆசிரியர் ஓய்வறைகளிலும் பஸ் வண்டிகளிலும் ஓயாது விவாதிக்கப்படும் ஒன்றாகும். ஒருவர் தமது நிறுவனத்தை வியந்து பேசுவார். மற்றொருவர் அதே நிறுவனத்தைத் தூற்றி, ‘சிம்’மையே மாற்றிவிட்டதாகக் கூறுவார். இருவர் கூற்றும் உண்மையே. இருவரும் வாழும் இடங்கள் வேறு. இதனை மறந்து நடத்தப்படும் ஒப்பீடு வீண் பேச்சாகவே முடியும். இதனை நினைவிற் கொண்டு நடத்தப்படும் ஒப்பீடோ, எமது சமுதாய அமைப்பைப் பற்றியே பல செய்திகளைக் கூற வல்லது. மலையகத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் நாம் இவ்விடயத்தில் கண்டறிந்தவற்றை ஆசிரிய நண்பர் முன்னும் மாணவர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டிலே ‘செல்டெல்’ நிறுவனத்தோடு தொடங்கிற்று. தென்னாசியாவில் இத்துறையிலே முதலடி வைத்த நாடு நமது நாடே. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மொபிடெல்லும், 1995 இல் டயலொக்கும் வந்தன. 2009 இல் எயார்டெல்லும் வந்து சேர்ந்தபோது ஐந்து நிறுவனங்கள் களத்தில் நின்றன. அந்நாளிலே கட்டணம் எவ்வளவு தூரம் வீழ்ந்ததென்றால், 2010 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே தலையிட்டு, இதற்குக் குறைவாக அறவிடலாகாது என்று வரையறை செய்ய நேர்ந்தது. பின்னர் செல்டெல் ‘டிகோ’ ஆகி, ‘எட்டிசலாட்’ ஆகி, 2018 இல் ஹட்ச்சோடு இணைந்தது. 2024 இல் எயார்டெல் டயலொக்கின் கைக்கு மாறிற்று. ஐந்து மூன்றாயின. இம்மூன்றனுள் டயலொக்கின் பெரும்பங்கு மலேசிய முதலீட்டாளருடையது; ஹட்ச் ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட கூட்டு நிறுவனமொன்றுக்கு உரியது; மொபிடெல்லோ, அரசாங்கம் ஏறத்தாழ அரைப்பங்கை வைத்திருக்கும் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் துணை நிறுவனம்.

போட்டி ஒரு நன்மையும் செய்யவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஒரு காலத்திலே வியாபாரிகளின் கையிலும் உத்தியோகத்தரின் கையிலும் மாத்திரம் இருந்த கருவி, இன்று கொழுந்து கொய்யும் பெண்ணின் இடுப்புச் சேலையிலும் செருகப்பட்டிருக்கின்றது என்றால், அதற்குப் போட்டியினால் வீழ்ந்த விலையும் ஒரு காரணமே. ஆயின், விலையைக் குறைத்த அதே போட்டி, ஆள் குறைந்த இடத்துக்கும் பணம் குறைந்த இடத்துக்கும் கோபுரத்தைக் கொண்டுவரவில்லை. நகரத்து மேட்டிலே மூன்று நிறுவனங்களின் கருவிகளும் நெருங்கி நிற்கின்றன. நான்கு மலை கடந்தால் ஒன்றனுடையதும் இல்லை. போட்டி எங்கே இலாபம் உண்டோ அங்கேதான் நடைபெறும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கு அலைகளின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்வன. சுவரையும் ஓரளவு ஊடுருவுவன. 1800, 2100 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் விரைவிலே தேய்ந்துபோவன. மலையை ஊடுருவிச் செல்வதோ இவற்றுள் எதற்கும் இயலாது. கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையே ஒரு மலைத்தோள் எழுந்து நின்றால், அதற்கப்பாலுள்ள பள்ளம் அலையின் நிழலிலே விழுந்துவிடும். ஆதலின் சமவெளியிலே ஒரு கோபுரம் செய்யும் வேலையை மலைநாட்டிலே செய்வதற்குப் பல கோபுரங்கள் வேண்டும். செலவு பெருகும், செலுத்துவோர் தொகையோ பெருகாது.

நிறுவனங்கள் தம் சேவைப் பரப்பைச் சனத்தொகையின் வீதமாகக் காட்டுவதும் வழக்கம். தொண்ணூற்றைத் தாண்டிய வீதம் எவருக்கும் மகிழ்ச்சி தரும். ஆனால் சனத்தொகை வீதம் என்பது நிலப்பரப்பின் வீதம் அன்று. சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் கணக்கீட்டினால் வரையப்படுவன. வீடு வீடாகச் சென்று அளக்கப்படுவன அல்ல. திறந்த வெளியிலே கிடைக்கும் அலை, தகரக்கூரை போட்ட லயத்துக் காம்பராவினுள்ளே கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பேச்சைக் கொண்டு செல்லும் அலை, பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமாகக் கொண்டு செல்லும் என்பதற்கும் உறுதியில்லை. எஞ்சிய சில வீதம் யார் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அந்தச் சில வீதத்தினுள்ளே எமது மாணவர் பலர் அடங்குவர் என்பதை அறிந்த நாம், 2025 ஆம் ஆண்டின் முதலாந் தவணையிலே உயர்தர வகுப்பு மாணவரோடு சேர்ந்து ஒரு சிறு ஆய்வை மேற்கொண்டோம். மூன்று நிறுவனங்களின் ‘சிம்’களையும் எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் கடைச்சந்தி, பாடசாலை, தேயிலை ஸ்டோர், துரை பங்களா வாசல், மேற்கணக்கு லயம், பணியக்கணக்கு லயம் என்று நடந்து சென்றோம். ஒவ்வோரிடத்திலும் ஓர் அழைப்பு எடுத்தோம்; கொப்பிப் பக்கம் ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, அது சென்றடைய எடுத்த நேரத்தைக் குறித்தோம். நிறுவனங்களின் பெயரை இங்கு கூறாது விடுகின்றோம். ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்வது எமது நோக்கமன்று. அடுத்த தோட்டத்திலே இதே ஆய்வை நடத்தினால் அவற்றின் வரிசை மாறிவிடவுங் கூடும்.

கடைச்சந்தியிலே மூன்றும் நன்றாக வேலை செய்தன. பாடசாலையிலே இரண்டு. ஸ்டோரிலே இரண்டு, ஒன்று தெளிவாகவும் ஒன்று விட்டுவிட்டும். துரை பங்களா வாசலிலே மூன்றும் சந்தியைவிடச் சிறப்பாகக் கிடைத்தன. மேற்கணக்கிலே வெளியில் இரண்டு, காம்பராவினுள்ளே ஒன்று. பணியக்கணக்கிலே காம்பராவினுள்ளும் இஸ்தோப்பிலும் ஒன்றுமேயில்லை. மாரியம்மன் கோயிற் படியிலே மாத்திரம் ஒரு நிறுவனத்தின் அலை மெல்ல எட்டிப் பார்த்தது. அது, சந்தியிலே மூன்றனுள்ளும் வேகங் குறைந்ததாக நாம் குறித்துக்கொண்ட நிறுவனத்தினுடையது. சந்தியிலே முதன்மை பெற்றதோ பணியக்கணக்கிலே இறந்து கிடந்தது. கொப்பிப் பக்கத்தின் படம் கோயிற் படியிலிருந்து புறப்படுவதற்கு நாம் நெடுநேரம் காத்திருந்தோம். ஈற்றில் அது போகவேயில்லை.

இந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவனொருவன், “சேர், இது தோட்டத்துப் படம் மாதிரியே இருக்கு” என்றான். அவன் கூறியது முற்றிலும் உண்மை. பங்களாவை உச்சியிலே கட்டியவர்கள் தோட்டம் முழுவதையும் பார்க்கும் பொருட்டுக் கட்டினார்கள். எமது தோட்டத்திலே லயங்கள் கட்டப்பட்டது, தேயிலைக்கு உதவாதென்று விடப்பட்ட பள்ளத்திலே. நூறாண்டுக்கு முன்னர் கண்காணிப்புக்காக அமைக்கப்பட்ட மேடும் பள்ளமும் இன்று அலையின் ஒளியும் நிழலுமாகத் தொடர்கின்றன. கோபுரம் கட்டியவனுக்கு இதிலே வஞ்சகம் ஏதும் இல்லாதிருக்கலாம். அவன் இலாபத்தை மாத்திரம் நோக்கினான்; பழைய வரைபடம் தானாகவே மீண்டும் வரையப்பட்டுவிட்டது.

இதனாலே நேர்ந்த நட்டத்தை 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே நாம் கண்ணாரக் கண்டோம். 2020 மார்ச் மாதத்திலே கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி கைபேசிக்குட் புகுந்தபோது, மலைக்கிராமத்துப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி அலை தேடிய படங்கள் உலகப் பத்திரிகைகளிலே வெளிவந்தன. அவற்றைக் கண்டோர் பிள்ளைகளின் ஊக்கத்தை மெச்சினர். எமக்கு மெச்ச மனம் வரவில்லை. பணியக்கணக்கிலிருந்து மலையேறி வந்தவர்கள் ஆண்பிள்ளைகளே. வீட்டிலுள்ள ஒரே கைபேசியோ வேலைக்குச் சென்ற தாயோடு மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்பும். அதன்பின் பொழுது சாய்ந்த மலைக்குப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? பாடசாலை மீண்டும் திறக்கப்பட்டபோது, நன்றாகப் படித்துவந்த ஒரு பெண்பிள்ளையின் இடம் வெறுமையாக இருந்தது. கொழும்பிலே வீட்டுவேலைக்குச் சென்றுவிட்டதாக அறிந்தோம். அவள் போனதற்கு வறுமை காரணம் என்பர். அலையும் ஒரு காரணம் என்பதை எந்தப் பதிவேடும் கூறாது.

செலவைப் பற்றியும் சொல்லல் வேண்டும். வசதியுள்ளோர் ஒரு ‘சிம்’முடன் திருப்தியடைவர். எமது மக்களோ சந்திக்கு ஒன்று, லயத்துக்கு ஒன்று என இரண்டை வைத்திருந்து, இரண்டுக்கும் ‘ரீலோட்’ செய்கின்றனர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் அடிப்படையாக 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இடையிலே 2022 செப்ரெம்பரிற் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு இருபது வீதம் உயர்த்தப்பட்டன. குறைந்த சேவையைப் பெறுவோரே வருவாயிற் பெரும்பங்கை அதற்காகச் செலவிடும் விந்தையை இங்கே காண்கின்றோம்.

கல்வியோடு இது முடிந்துவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவெம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாட்டைத் தாக்கியபோது 600 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மத்திய மலைநாட்டிலே மண்சரிவுகள் ஊர்களை விழுங்கின. மின்சாரம் அறுந்து கோபுரங்கள் ஓய்ந்தபோது நுவரெலியா மாவட்டத்தின் பல பகுதிகள் தொடர்பற்றுக் கிடந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை விடுக்கின்றது. அது உரிய நேரத்திலே சென்றடைய வேண்டிய இடங்கள், சரிவிலும் பள்ளத்திலும் உள்ள இதே லயங்களே. கோபுரம் எத்தனை வேகத்தைத் தருகின்றது என்பதினும், மின்சாரம் நின்ற பின் எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கின்றது என்பதே எமது ஒப்பீட்டில் முதன்மை பெறவேண்டிய கேள்வியாகும்.

சட்டம் இதனை அறியாததன்று. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்திலே, நியாயமான கேள்வி யாவற்றையும் நிறைவு செய்யும் நம்பகமான சேவையை உறுதிப்படுத்தல் நோக்கமாக எழுதப்பட்டது. அவசர சேவைகளும் கிராமியச் சேவைகளும் அதனுள் வெளிப்படையாகக் கூறப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் மீது 2003 அளவிலே கட்டணமொன்று விதிக்கப்பட்டபோது, கிராமப்புறத் தொலைத்தொடர்பை விரிவாக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக உழைத்த எமது தாய்மார் பிள்ளையின் குரலைக் கேட்க எடுத்த அழைப்புகளும் அந்த நிதிக்குப் பங்களித்தன என்பதை மறக்கலாகாது. கொரோனாக் காலத்தையடுத்து, கிராமத்துக்குத் தொடர்பாடல் என்னும் பொருள்படும் ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டம் இரத்தினபுரி மாவட்டத்திலே தொடங்கப்பட்டது. அரசு முயன்றாற் கோபுரம் எழும் என்பதற்கு அது சான்று.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவு. இலாபமில்லாத பள்ளத்திலே மூன்று கோபுரங்கள் வேண்டியதில்லை. மூன்று நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் ஒன்று போதும். ஒரு நிறுவனத்தின் அலை மாத்திரம் உள்ள இடத்தில் மற்றவற்றின் வாடிக்கையாளரும் அதனைப் பயன்படுத்த இடமளித்தல் வேண்டும். சேவைப் பரப்பை மாவட்ட வீதமாக அன்றி, தோட்டம் தோட்டமாகவும் கணக்குக் கணக்காகவும், வீட்டினுள்ளே அளந்து வெளியிடுதல் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்க எழுபதுகள் வரை காத்திருந்தோம். மீண்டும் அப்படியொரு முப்பதாண்டு காத்திருக்க எமக்கு நேரமில்லை.

அளக்கும் வேலையை நாமே தொடங்கலாம். ஒரு கைபேசியும் மூன்று ‘சிம்’களும் ஒரு கொப்பியும் இருந்தாற் போதுமானது. மலையகத்திலும் வன்னியிலும் தீவகத்திலும் மொனராகலையின் சிங்களக் கிராமங்களிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் தத்தம் மாணவரோடு ஒரு சனிக்கிழமை நடந்து, எந்த வீட்டிலே எது கிடைக்கின்றது, எது கிடைக்கவில்லை என்று எழுதுவார்களாயின், ஆணைக்குழுவின் மேசையிலே வைப்பதற்கு உண்மையான வரைபடமொன்று எமது கையில் இருக்கும். எமது பாடசாலையின் அட்டவணை ஆயத்தமாக உள்ளது. பணியக்கணக்கின் நேரே மூன்று வெற்றுக்கட்டங்கள் இருக்கின்றன.